உப்பு பார்க்க ஓர் ஆள்

786
காஸல், ஜெர்மனி
5.2.2025

ராஷித் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொன்னதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸலாம் எல்லாருக்கும் சொல்வதுதான்.

வந்து ஐந்து நாளாகிறது. நான் ஏன் போனில் பேசுவதில்லை என்று ராஷித்தைக் கேட்டீர்களாம். உங்கள் மகன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறான். இரண்டே அறை உள்ள வீடு. நாம் பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு மாதக் கர்ப்பிணியான மருமகள் முன்னால் அது வேண்டாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் இஃபத்தின் மாமியார் வீட்டார் பன்னிரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இவ கை செத்துப்போச்சு. இன்னிமே ஹோட்டல்லயே சொல்லிடலாம்" என்றீர்கள். மகளைக் கொடுத்த இடம் அது. நான் அடுப்படிக்குப் போய் நின்றவள்தான், இன்னும் அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. விசா தொண்ணூறு நாளைக்குத்தான். ஏப்ரல் 28ஆம் தேதி ஊருக்குத் திரும்புகிறேன். ஆனால் பூந்தமல்லிக்கு வரமாட்டேன். ஏர்போர்ட்டிலிருந்து நேராக வாணியம்பாடி, அக்கா வீடு. அக்காவிடம் சொல்லியும் ஆயிற்று. அவள் மாடி அறையைக் கழுவி வைக்கிறேன் என்றிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மஹீரா துரும்பாய் இளைத்துக் கிடக்கிறாள். வாயில் வைப்பதெல்லாம் வெளியே வருகிறது. பட்டாபிராமில் அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருப்பதால் பிரசவத்துக்குத்தான் வர முடியுமாம். விசா இருக்கும்வரை நான். அவளுக்கு வேண்டியது தால்சாவாம். நம் வீட்டுத் தால்சா. கல்யாணமான புதிதில் சாப்பிட்டது நாக்கிலேயே நிற்கிறது என்கிறாள். இங்கே துருக்கிக்காரர் கடையில் ஹலால் கறி கிடைக்கிறது. எலும்பைச் சின்னதாக வெட்டித் தரச் சொல்லிக் கையைக் காட்டினால் அவர் தன் கையைப் பார்த்துக்கொள்கிறார். கத்திரிக்காய் ஒன்றொன்றும் முழங்கை நீளம். சுரைக்காய்க்குப் பதிலாக ஏதோ ஒரு பச்சைக் காயைப் போடுகிறேன். அடுப்பு வெறும் கண்ணாடி, தீயே இல்லை. நேற்று வெங்காயம் கருகிப் புகை மணி அடித்து, மாடியிலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கையால் அள்ளிப் போட்டே பழகிவிட்டேன். அரைக் கிலோ எலும்புக்கு, ஒரு டம்ளர் கடலைப் பருப்புக்கு உப்பு எத்தனை கரண்டி, புளி எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு என்று கணக்காக எழுதி அனுப்புங்கள். இஃபத்தைக் கேட்காதீர்கள். அவள் குத்துமதிப்பாகச் சொல்வாள்.

நசீம் பானு

---

786
பூந்தமல்லி
17.2.2025

நசீமுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் வந்தது. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போகாமல், "இன்னா பாய், ஜெர்மனிலருந்து லெட்டர் வந்துகீது" என்று தெருவுக்கே சொல்லிவிட்டுப் போனார். கடைக்குத் தார்ப்பாய் தைக்கக் கொடுக்க வந்த லாரி டிரைவர்கூட என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

முதலில் என் பக்கத்தைச் சொல்கிறேன். அன்றைக்குத் தால்சா வாயில் வைக்க முடியாதபடி உப்பு. சம்பந்தி ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். உப்பை உப்பு என்று சொன்னது தப்பா? பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னதுதான் தப்பு என்று இஃபத் சொல்கிறாள். அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட கணக்கு. உப்பு ஜாடியில் கிடக்கும் கரண்டியைப் பரந்தாமன் மளிகைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தேன். தலைதட்டி ஒரு கரண்டி ஏழு கிராம். சரி, அதில் எத்தனை போடுவது? அது யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நானே சமைத்தேன். சிரிக்காதே. முதல் நாள் பருப்பு வேகவில்லை. இரண்டாம் நாள் பருப்பு வெந்தது, புளி முந்திக்கொண்டது. மூன்றாம் நாள் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைப் போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூன்று கரண்டியில் சரியாக நின்றது. புளி பெரிய நெல்லிக்காய் அளவு. மாங்காய் போட்டால் அதில் பாதி. மிளகாய்த்தூள் ஒன்றரைக் கரண்டி. உன் தால்சா மாதிரி இருந்ததா என்று கேட்டால் இல்லை. பக்கத்து ஊர்த் தால்சா மாதிரி இருந்தது.

எனக்கு ஒன்று புரியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறவள் தார்ப்பாய்க் கடைக்காரனைக் கணக்கு கேட்கிறாய். உன் நாக்கு எங்கே போயிற்று? நான் செய்தது போல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ருசி பார்த்தால் தீர்ந்தது.

வாணியம்பாடிக்குப் போவதென்றால் போ. கையைப் பிடித்தா நிறுத்த முடியும்? அக்காவின் மாடி அறையில் கோடையில் வெந்துபோவாய், அதை மட்டும் நினைவில் வை.

மெட்ரோ தூணுக்காகப் போட்டிருந்த தடுப்பைக் கடை முன்னால் எடுத்துவிட்டார்கள். மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன், கதவைத் திறந்ததும் ஒரு வாசனையும் வருவதில்லை. எனக்கு அது பழக்கமில்லை. மருமகளைப் பார்த்துக்கொள்.

பஷீருதீன்

---

786
காஸல்
28.2.2025

ராஷித் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சிரிக்காதே என்றால் எப்படி? கடைத்தெருவில் உப்புக் கரண்டியை நிறுத்துப் பார்த்த மனுஷனை நினைத்து மூன்று நாள் சிரித்தேன். மஹீரா ஏன் சிரிக்கிறீர்கள் மாமி என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

உங்கள் கணக்குப்படியே செய்தேன். மஹீரா இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அரை மணி நேரம் நான் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ராஷித் வேலையிலிருந்து வந்து மூடியைத் திறந்தான். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, "அம்மா, அத்தா கடையிலருந்து வந்து கை கழுவுற சத்தம் கேட்ட மாதிரி இருக்கு" என்றான். அவனுக்கு முப்பது வயது. கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் போய் நின்றான். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கிறது, ஆனால் பசிக்கு ஏற்ற சோறு இல்லை. வெள்ளிக்கிழமை அவன் சாப்பிடுவது குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரொட்டியும் சீஸும். நான் அவனை அதற்காகவா பெற்றேன்?

என் நாக்கைப் பற்றி உங்களுக்கு இப்போது என்ன கவலை வந்தது? கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

நாளைக்கு இங்கே ரமலான் பிறை ஒன்று. உங்களுக்கு மறுநாள் இருக்கும். மஹீராவுக்கு இப்போது நோன்புக் கஞ்சி வேண்டுமாம். அவளுக்கு நோன்பு இல்லை, ஆனால் ஆசை இருக்கிறது. பட்டாபிராமில் அசர் தொழுகை முடிந்ததும் தூக்குச் சட்டியோடு பள்ளிவாசல் வரிசையில் நிற்பாளாம். சூடு தாங்காமல் துப்பட்டாவில் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வருவாளாம். சொல்லும்போதே எச்சில் விழுங்குகிறாள். நமக்கும் கஞ்சி என்றைக்கும் பள்ளிவாசலிலிருந்துதானே வந்தது? என் கையால் அதைக் காய்ச்சியதே இல்லை. கஞ்சி காய்ச்சுகிற ஜாகிரிடம் அளவு கேட்டு அனுப்புங்கள். ஒரு மணி நேரம் ரயிலில் போனால் இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். வெந்தயம், நொய், தேங்காய்ப்பால் எல்லாம் அங்கே கிடைக்கும். உப்பையும் கிராம் கணக்கில் எழுதவும்.

இங்கே பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் கிடையாது. போன்தான் பாங்கு சொல்கிறது. நீங்கள் விடியலுக்கு முன் ஸஹருக்குத் தனியாக எழுந்து என்ன சாப்பிடுவீர்கள்? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

நசீம் பானு

---

786
பூந்தமல்லி
12.3.2025

நசீமுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஸஹருக்குத் தயிர் சோறு. கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

ஜாகிரிடம் போய் நாலு பேருக்குக் கஞ்சி காய்ச்ச அளவு சொல்லப்பா என்றேன். அவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "நாலு பேருக்கா? பாய், நாலு பேருக்கு நான் டீகூட போட்டது இல்ல" என்றான். அவனுக்குத் தெரிந்தது நாற்பது கிலோ நொய், அண்டா நிறைய. உப்பு எவ்வளவு என்றால் இரண்டு கையையும் குவித்துக் காட்டி, இந்த மாதிரி ஆறு தடவை என்கிறான். அவன் கை அளவுக்கு நான் எங்கே போவேன்? அவனையே ஆறு தடவை ஒரு பையில் அள்ளிப் போடச் சொல்லி, பரந்தாமன் தராசில் வைத்து, நாற்பது கிலோவை நாலு பேருக்கு வகுத்து எடுத்து வந்தேன். தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நொய் இரண்டு கை, பாசிப்பருப்பு அரைக் கை, வெந்தயம் ஒரு சிட்டிகை. கைமாவை வெங்காயத்தோடு வதக்கிய பிறகுதான் தண்ணீர். தேங்காய்ப்பால் கடைசியில், கொதிக்க விடக்கூடாது.

வகுத்த கணக்கை நம்பி மருமகளுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அதனால் நேற்று நானே காய்ச்சிப் பார்த்தேன். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நோன்பு. உப்பைப் போட்டுவிட்டுக் கரண்டியை வாய் வரைக்கும் கொண்டு போய்விட்டு நிறுத்தினேன். நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்பார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. கஞ்சி கொதிக்கிறது, சரியாக இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ட்ரங்க் ரோட்டைக் கடக்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு, அதுவும் நான் ஒருவன் மட்டும் குடிக்கப் போகிற கஞ்சிக்கு, எனக்கு வியர்த்துவிட்டது. சூரியன் மறைந்து பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக்கூட மறந்து முதலில் அதைத்தான் குடித்தேன். உப்பு ஒரு பங்கு குறைவு. தாளில் திருத்தியிருக்கிறேன்.

முப்பத்திரண்டு ரமலான் நீ இப்படித்தான் சமைத்தாய். வீடு நிறைய ஆள் இருக்கும். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. எப்படி என்று நான் கேட்டதும் இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னது தப்புதான். யோசித்து முடித்துவிட்டேன்.

பஷீருதீன்

---

786
காஸல்
24.3.2025

ராஷித் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இனி மறைக்க முடியாது.

எனக்கு வருஷம் முழுவதும் அப்படித்தான் இருக்கிறது.

போன ஜூன் மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேனே, அது விட்டபோது வாசனையும் போய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு ருசியும் போனது. டீ வெறும் சுடுதண்ணீர். பிரியாணி என்றால் கையில் சூடு தெரிகிறது, வாயில் மென்ற துணி. உப்பா, புளிப்பா, உறைப்பா, ஒன்றும் இல்லை. அடுப்பில் வைத்தது அடிப்பிடித்தால் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. பேச்சிலும் சாமர்த்தியம் இல்லை. நம் சொந்தத்தில் நசீம் என்றால் நசீமின் கை என்றுதான் சொல்வார்கள். அதுவும் இல்லை என்றால் நான் யார்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். நோன்பில் உப்பு பார்க்காமல் சமைத்துப் பழகிய கைதானே, அது காப்பாற்றும் என்று நம்பினேன். நோன்பில் சமைத்தால் மாலையில் நாமும் சாப்பிடுவோம், நேற்றுக் கூடியிருந்தால் இன்று குறைத்துக்கொள்வோம். எனக்கு அந்த மாலை வரவே இல்லை. கை கொஞ்சம் கொஞ்சமாக வழி தப்பிவிட்டது.

ராஷித் இங்கே கூப்பிட்டபோது எனக்குக் கிளம்பவே பயம். அந்தப் பெண் நம் வீட்டு ருசிக்கு ஏங்கிக்கொண்டு காத்திருக்கிறாள், நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் கணக்கு கேட்டேன்.

இப்போது வெட்கக்கேட்டைக் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்து முந்தாநாள் கஞ்சி காய்ச்சினேன். தொழுதுவிட்டுத் திரும்பி வந்தால் மஹீரா அடுப்புப் பக்கம் நிற்கிறாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் எலுமிச்சை மூடி. என்னைப் பார்த்ததும் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமி, நீங்களா சொல்ற வரைக்கும் நான் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். நான் வந்த நாலாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். வெங்காயம் கருகியபோது நான் பக்கத்திலேயே நின்று சும்மா கிளறிக்கொண்டிருந்தேனாம். அன்றிலிருந்து நான் தொழப் போகும்போதெல்லாம் வந்து உப்பைச் சரிபார்த்து, கூடியிருந்தால் தண்ணீர் விட்டு, குறைந்தால் சேர்த்து வைத்திருக்கிறாள். ராஷித் கண் கலங்கிச் சாப்பிட்ட தால்சாவும் அப்படித்தான். உங்கள் மூன்று கரண்டி இந்த ஊர் உப்புக்கு அதிகமாம். வாந்தி எடுத்துக் கிடந்த பெண், நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எனக்காக அடுப்படிக்கு வந்து போயிருக்கிறாள்.

நான் அழுதேன். அவள் என்னைத் திட்டினாள். இப்போது தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சை, ஏலக்காய் என்று ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடித்து மோந்து பார்க்கச் சொல்கிறாள். டாக்டரிடம் கேட்டாளாம், இப்படிச் செய்தால் சிலருக்குத் திரும்ப வருமாம். எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

பிள்ளைகள் வீட்டுச் சோற்றை நினைத்து ஏங்குகிறார்கள். அது தூரத்தில் இருக்கிறது, அவர்கள் ஏங்குவதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அது கையில் பிடித்திருக்கும் கிண்ணத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் எட்டவில்லை. அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நானும் ஒரு வாய் வைக்கிறேன். நம் வீட்டுத் தால்சாவைத் தின்று ஒன்பது மாதம் ஆகிறது ராஷித் அத்தா.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஜூனிலிருந்து ஜனவரி வரை ஏழு மாதம் நான் வைத்ததையெல்லாம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டீர்கள். அதனால் சரியாகத்தான் சமைக்கிறேன் என்று தைரியமாக இருந்தேன். அத்தனை நாள் சொல்லாதவர், அன்றைக்குப் பன்னிரண்டு பேர் முன்னால் ஏன் சொன்னீர்கள்?

நசீம் பானு

---

786
பூந்தமல்லி
5.4.2025

நசீமுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாள் முடிந்து ஐந்து நாளாகிறது. இஃபத் வீட்டில் போய்ச் சாப்பிட்டேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

நிக்காஹ் ஆன முதல் வருஷம் உன் தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே போக வேண்டும் என்று கேட்டாய். நான் முதல் நாள் போனால் போதும் என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து குழம்பில் உப்பு இல்லை. மூன்று நாள் இல்லை. நாலாம் நாள் எனக்கு உறைத்தது. ஓஹோ, இவள் வாயால் சண்டை போட மாட்டாள், இப்படித்தான் சொல்வாள் என்று புரிந்துகொண்டேன். உடனே உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். அதிலிருந்து எனக்கு அதுதான் அடையாளம். உப்பு சரியாக இருந்தால் நீ சந்தோஷமாக இருக்கிறாய். குறைந்தால் என்மேல் ஏதோ வருத்தம். உப்பு குறைந்த நாளெல்லாம் என்ன தப்பு செய்தேன் என்று யோசிப்பேன். சாயங்காலம் எதையாவது வாங்கிக்கொண்டு வருவேன். நம் குடும்பம் இப்படி ஓடியது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

போன ஜூனில் அக்கா வீட்டு மாடி கட்டி முடித்ததற்கு விருந்து என்று வாணியம்பாடிக்குக் கூப்பிட்டாய். மழைக்கு முன்னால் தார்ப்பாய் வேலை குவிந்திருக்கிறது, முடியாது என்றேன். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அது தேறியதும் சாப்பாட்டில் உப்பு தாறுமாறாகப் போயிற்று. ஒரு நாள் சப்பென்று இருக்கும், ஒரு நாள் கரிக்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த விருந்துக்குப் போகாத கோபம் என்று நினைத்தேன். இந்தத் தடவை நான் இறங்கி வரக்கூடாது, அவளே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று வீம்பு பிடித்தேன். ஏழு மாதம் வீம்பாகத்தான் சாப்பிட்டேன். ஒரு நாளாவது ஏன் இப்படி என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. சம்பந்தி தண்ணீரைத் தேடியபோது, வந்தவர்கள் முன்னாலும் என்னைப் பழிவாங்குகிறாளே என்று ரத்தம் தலைக்கேறிவிட்டது. அந்த ஆத்திரத்தில் வந்த வார்த்தை அது.

நீ ருசி தெரியாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாய். நான் எதிரில் உட்கார்ந்து உன்னை முறைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அல்லாஹ் மன்னிப்பானா தெரியவில்லை. நீ மன்னித்துவிடு நசீம். எழுதிக் கேட்கிறேன், நேரிலும் கேட்கிறேன்.

வாணியம்பாடிக்குத்தான் போகிறாய் என்றால் நானே கொண்டுபோய் விடுகிறேன். இங்கே வந்தால், உன் கை சமைக்கட்டும், நான் பக்கத்தில் நின்று உப்பு பார்க்கிறேன். கடையை ஒரு மணி நேரம் சாத்தினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. காது மூக்கு டாக்டர் ஒருவரைக் கரையான்சாவடியில் விசாரித்து வைத்திருக்கிறேன். நீ இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. இதை முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

பஷீருதீன்

---

786
காஸல்
17.4.2025

ராஷித் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தபாலில் போட்டால் நான் வந்த பிறகுதான் இது வரும். ராஷித்தோடு வேலை பார்க்கும் அபிஷேக் நாளை ஊருக்கு வருகிறான். வீடு ஆவடியில்தான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொண்டுவந்து கொடுத்தால் வாசலிலேயே அனுப்பிவிடாமல் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். நல்ல சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறதோ.

மஹீரா ஒரு கிலோ ஏறியிருக்கிறாள். இப்போது நான் சமைக்கும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் கரண்டியை நீட்டினால் அவள் ருசி பார்த்துச் சொல்கிறாள். ஒளிவுமறைவு இல்லாததால் சமையலும் சீக்கிரம் முடிகிறது. ராஷித்திடமும் சொல்லிவிட்டோம். அவன் என் கையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான். நேற்றுக் கிராம்பை மோந்தபோது மூக்குக்குள் ஏதோ குத்துகிற மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இரண்டு தடவை அழுதேன், இரண்டு தடவை சிரித்தேன். எனக்கு உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் பார்த்தேன். மனம் கேட்கவில்லை.

அந்த முதல் வருஷம் நான் கோபத்தில் உப்பைக் குறைக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லுப்பு, உங்கள் வீட்டில் தூளுப்பு. உங்கள் அம்மா வேறு பக்கத்தில் நிற்பார். எவ்வளவு போடுவது என்று தெரியாமல், கூடிவிட்டால் திட்டு விழுமே என்று பயந்து பயந்து போட்டேன். அவ்வளவுதான். நீங்கள் திடீரென்று வந்து தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பு என்றதும், எனக்கு எவ்வளவு நல்ல புருஷன் அமைந்திருக்கிறார் என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். அதற்குப் பிறகும் என்றைக்குமே நான் உப்பை வைத்து உங்களிடம் பேசியதில்லை. குறைந்த நாளெல்லாம் கை தவறிக் குறைந்ததுதான். நீங்கள் சில நாள் காரணமே இல்லாமல் மல்லிப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பீர்களே, அது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

நிஜமாகவே நான் கோபமாக இருந்த நாட்கள் உண்டு. நிறைய உண்டு. என் வளையலை எடுத்து உங்கள் தங்கைக்குப் போட்டபோது இருந்தேன். இஃபத்தைக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன் என்று நீங்கள் ஆறு மாதம் பிடிவாதம் பிடித்தபோது இருந்தேன். என் வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பு என்றீர்களே, அன்றைக்கு இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த நாளெல்லாம் உப்பு அளவாகத்தான் இருந்தது. கோபத்தில் என் கை இன்னும் கவனமாகச் சமைக்கும். நீங்கள் திருப்தியாகச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, கடைக்குப் போய்விட்டீர்கள்.

அக்காவிடம் மாடி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷத்துக் கோபத்தை வாணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு சொல்லி முடிக்க முடியாது. 28ஆம் தேதி காலை எட்டரைக்கு விமானம் இறங்குகிறது. நீங்களே வந்து நில்லுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நசீம்